ஆஸ்கர் கணிப்புத் தாள்: எந்த வரிக்கு யாரை நம்புவது?

பரிந்துரைப் பட்டியல் வெளியான அன்றே எங்கள் புலனக் குழுவில் கணிப்புத் தாள் சுற்றுக்கு வந்துவிடும். பிரிக்பீல்ட்ஸ் பக்கம் வேலை பார்க்கிற, அல்லது ஒரு காலத்தில் பார்த்த, சினிமாப் பைத்தியங்கள் சேர்ந்த குழு அது. 2025 வரை 23 வரிகள், ஒரு விருதுக்கு ஒரு வரி. நடிகர் தேர்வுக்கும் விருது சேர்ந்த பிறகு 24. ஒவ்வொரு வரியிலும் ஒரு பெயர் எழுதி, விழா தொடங்குவதற்கு முன் அனுப்பிவிட வேண்டும். பணம் வைப்பது கிடையாது. அதிகம் சரியாகச் சொன்னவருக்கு மற்றவர்கள் சேர்ந்து வாழையிலைச் சாப்பாடு வாங்கித் தருவார்கள், அவ்வளவுதான். ஆனாலும் அந்தத் தாளை நிரப்ப நாங்கள் படும் பாடு இருக்கிறதே, வருமான வரிப் பாரத்துக்குக்கூட அவ்வளவு நேரம் ஒதுக்கியதில்லை.

யார் பேச்சைக் கேட்டு நிரப்புவது என்பதில்தான் ஒவ்வொரு வருஷமும் சண்டை. ஒருவர் கோல்டன் குளோப் விருது முடிவை அப்படியே எழுதிவிடுவார். ஒருவர் பிரிட்டனின் பாஃப்டா விருதுக் கட்சி. ஒருவர் ஹாலிவுட் சங்கங்களின் விருதுகளை மட்டும் நம்புவார். வெளிநாட்டுப் பந்தயத் தளங்களில் போடும் விகிதங்களைப் பார்த்து எழுதுகிறவர் உண்டு. தான் பார்த்த படத்துக்கு மட்டும்தான் வாக்கு என்று பிடிவாதமாக இருக்கும் அக்கா ஒருவரும் உண்டு. இந்த ஐந்து வழிகளையும் எடைபோட்டுப் பார்த்ததில் எனக்குப் படுவது இதுதான்: எதையும் முழுசாக நம்பவும் வேண்டாம், முழுசாக ஒதுக்கவும் வேண்டாம். ஒவ்வொன்றும் சில வரிகளில் கெட்டி, சில வரிகளில் ஒன்றுக்கும் உதவாது. எது எங்கே கெட்டி என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் 2025ஐ எடுத்துக்கொள்வோம், ஐந்து வழிகளும் ஐந்து திசையில் இழுத்த வருஷம் அது. ஜனவரி 5ஆம் தேதி கோல்டன் குளோபில் நாடகப் பிரிவில் 'தி புரூட்டலிஸ்ட்', இசை-நகைச்சுவைப் பிரிவில் 'எமிலியா பெரெஸ்' ஜெயித்தன. 'அனோரா' 5 பரிந்துரைகளோடு போய் வெறுங்கையோடு திரும்பியது. பிப்ரவரி 8ஆம் தேதி, நமக்குத் தைப்பூசத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, தயாரிப்பாளர் சங்கமும் இயக்குநர் சங்கமும் ஒரே இரவில் 'அனோரா'வைத் தேர்ந்தெடுத்தன. அடுத்த வாரம் பாஃப்டா 'கான்கிளேவ்' என்றது. அதற்கு அடுத்த வாரம் நடிகர் சங்கமும் நடிகர் குழுவுக்கான விருதை 'கான்கிளேவ்' படத்துக்கே கொடுத்தது. மார்ச் 2ஆம் தேதி ஆஸ்கரில் சிறந்த படம் 'அனோரா'. குளோபைப் பின்பற்றியவர், பாஃப்டாவைப் பின்பற்றியவர் இருவருக்கும் அந்த வரி போச்சு.

இது தற்செயல் இல்லை. சிறந்த படம் என்ற வரியில் தயாரிப்பாளர் சங்கத்தின் கணக்கு ரொம்ப உறுதியானது. 2010 முதல் 2025 வரையிலான 16 ஆஸ்கர் விழாக்களில் 13 முறை அந்தச் சங்கம் தேர்ந்த படமே ஆஸ்கரையும் வாங்கியது. 2014இல் சங்கம் இரண்டு படங்களுக்குச் சமமாகக் கொடுத்தது. அதில் ஒன்று ஜெயித்ததால் அதையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. தவறிய மூன்றும் 2016, 2017, 2020. பாஃப்டாவைப் பாருங்கள்: 2015 முதல் 2025 வரை 11 விழாக்களில் இரண்டே முறைதான் சிறந்த படம் ஒத்துப்போனது, 'நோமேட்லேண்ட்', 'ஓப்பன்ஹைமர்'. பதினொன்றில் இரண்டு என்றால் அந்த வரிக்கு பாஃப்டாவைத் திறந்தே பார்க்க வேண்டாம்.

ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்டால், எண்ணும் முறையில் இருக்கிறது பதில். ஆஸ்கரில் மற்ற எல்லாப் பிரிவுகளிலும் அதிக வாக்கு வாங்கியவர் ஜெயிப்பார். சிறந்த படத்துக்கு மட்டும் உறுப்பினர்கள் 10 படங்களை விருப்ப வரிசையில் எழுதிக் கொடுப்பார்கள். இதைச் சோற்றுக் கணக்காகச் சொன்னால் எங்கள் குழுவில் சட்டென்று புரியும். பத்துப் பேர் மதியத்துக்குக் கடை முடிவு செய்கிறார்கள். 4 பேருக்கு முதல் விருப்பம் மீன்தலைக் கறி, 3 பேருக்கு வாழையிலை, 2 பேருக்குச் சைவக் கடை, ஒருவருக்கு நாசி லெமாக். யாருக்கும் பாதிக்கு மேல் இல்லை. கடைசியில் இருக்கும் நாசி லெமாக் விலகுகிறது. அவருடைய இரண்டாம் விருப்பம் வாழையிலை, ஆக 4-4-2. அடுத்துச் சைவக் கடை விலகுகிறது. அந்த இருவரும் மீன்தலைக் கறிக்கு வரமாட்டார்கள், வாழையிலையில் சைவமும் உண்டு. 6 பேரோடு வாழையிலை ஜெயித்தது. முதல் விருப்பம் அதிகம் வாங்கிய மீன்தலைக் கறி தோற்றது. ஆஸ்கரிலும் இப்படித்தான். சிலர் உயிரையே வைத்து, பலர் முகம் சுளிக்கும் படத்தைவிட, யாரும் வெறுக்காத படத்துக்கு வாய்ப்பு அதிகம். தயாரிப்பாளர் சங்கமும் இதே வரிசை முறையில்தான் எண்ணுகிறது. அதனால்தான் இரண்டும் ஒத்துப்போகின்றன.

2022இல் இது கண்ணெதிரே நடந்தது. 12 பரிந்துரைகள் வாங்கிய 'தி பவர் ஆஃப் தி டாக்' பாஃப்டாவை வாங்கியிருந்தது. வெறும் 3 பரிந்துரைகள் வாங்கிய 'கோடா' தயாரிப்பாளர் சங்க விருதை வாங்கியது. ஆஸ்கர் 'கோடா'வுக்கு. பாசமான குடும்பக் கதை, பார்த்தவர் எல்லாரும் மேல் வரிசையில் எழுதியிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

சிறந்த இயக்குநர் வரிக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். இயக்குநர் சங்கம் 1948இல் விருது தொடங்கியதிலிருந்து 2025 விழா வரை எட்டு முறைதான் ஆஸ்கரோடு மாறுபட்டிருக்கிறது. அந்த எட்டிலும் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க், ரான் ஹோவர்ட், பென் அஃப்லெக் மூவரும் ஆஸ்கர் பரிந்துரையிலேயே இல்லாதவர்கள். ஆகவே சங்கத்தில் ஜெயித்தவர் ஆஸ்கர் பட்டியலிலும் இருக்கிறாரா என்று ஒருமுறை பார்த்துவிட்டு எழுதிவிடலாம். கடைசியாகத் தவறியது 2020இல்: சங்கம் சாம் மெண்டஸ் என்றது, ஆஸ்கர் போங் ஜூன்-ஹோவுக்குப் போனது.

நடிப்புப் பிரிவுகளுக்கு வருவோம். குழுவில் குரல் உயர்வது இங்கேதான், நான் அதிக நேரம் செலவழிப்பதும் இங்கேதான். நடிகர் சங்கம், பாஃப்டா, குளோப், விமர்சகர்கள் தரும் கிரிட்டிக்ஸ் சாய்ஸ் நான்கும் ஒரே ஆளைக் காட்டினால் கண்ணை மூடிக்கொண்டு எழுதுங்கள். 2024இல் ராபர்ட் டவுனி ஜூனியர், டாவைன் ஜாய் ராண்டால்ஃப். 2025இல் கீரன் கல்கின், ஸோயி சல்டானா. நால்வருமே நான்கையும் அள்ளிவிட்டுத்தான் ஆஸ்கர் மேடை ஏறினார்கள். நடிகர் சங்கமும் பாஃப்டாவும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும்போதுதான் சிக்கல்.

மலேசியர்கள் யாரும் மறக்க முடியாத உதாரணம் 2023. சிறந்த நடிகைக்கு ஈப்போவில் பிறந்த மிஷல் யோ ஒரு பக்கம், கேட் பிளான்செட் மறுபக்கம். பாஃப்டா பிளான்செட்டுக்கு. கிரிட்டிக்ஸ் சாய்ஸும் பிளான்செட்டுக்கு. குளோபில் நாடகம் பிளான்செட்டுக்கு, நகைச்சுவை யோவுக்கு. நடிகர் சங்கம் மட்டும் யோ என்று தனியாகச் சொன்னது. எங்கள் குழுவில் அந்த வரிக்கு நடந்த வாக்குவாதத்தில் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. "நம்ம ஊர்ப் பொண்ணுன்னு எழுதாதீங்க அண்ணே, கணக்கைப் பாருங்க" என்றான் ஒரு தம்பி. "கணக்கும் அவங்க பக்கம்தான்டா இருக்கு" என்று பதில் போனது. திங்கட்கிழமை காலை பெயரை அறிவித்தபோது குழுவில் வந்து குவிந்த குரல் பதிவுகளில் பாதி வெறும் கூச்சல். மேடையில் அவர், மலேசியாவில் குடும்பத்தோடு பார்த்துக்கொண்டிருந்த தன் 84 வயது அம்மாவை நினைத்துப் பேசியபோது அந்தக் கூச்சலும் அடங்கியது.

கணக்கு உண்மையிலேயே அவர் பக்கம்தான் இருந்தது. 2019 முதல் 2025 வரை, நடிகர் சங்கத்தில் ஒருவரும் பாஃப்டாவில் இன்னொருவரும் ஜெயித்து, இருவரும் ஆஸ்கர் பரிந்துரையிலும் இருந்து, அந்த இருவரில் ஒருவருக்கே முதன்மை நடிகர் அல்லது நடிகை ஆஸ்கர் போன வருஷங்களை எடுத்து வைத்துக்கொண்டு, யாருடைய படத்துக்கு மொத்தப் பரிந்துரைகள் அதிகம் என்று ஒப்பிட்டேன். 2019: ஒலிவியா கோல்மன் படத்துக்கு 10, க்ளென் க்ளோஸ் படத்துக்கு 1. ஜெயித்தவர் கோல்மன். 2021: ஃபிரான்சஸ் மெக்டார்மண்ட் 6, வயோலா டேவிஸ் 5. மெக்டார்மண்ட். 2023: யோ 11, பிளான்செட் 6. யோ. 2024: எம்மா ஸ்டோன் 11, லில்லி கிளாட்ஸ்டன் 10. ஸ்டோன். 2025: மைக்கி மேடிசன் 6, டெமி மூர் 5. மேடிசன். நடிகைகளில் ஐந்துக்கு ஐந்து. நடிகர்களில் 2021இல் ஆன்டனி ஹாப்கின்ஸ் படத்துக்கு 6, சாட்விக் போஸ்மன் படத்துக்கு 5; ஹாப்கின்ஸ். 2025இல் ஏட்ரியன் பிரோடி 10, டிமொதி ஷாலமே 8, பிரோடி. ஒரே ஒரு இடத்தில் இந்த வழி சறுக்கியது: 2023இல் ஆஸ்டின் பட்லர் படத்துக்கு 8 பரிந்துரைகள், பிரெண்டன் ஃப்ரேசர் படத்துக்கு 3. ஜெயித்தவர் ஃப்ரேசர்.

6க்கு 5 என்பது மயிரிழை வித்தியாசம்தான், அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. ஆனாலும் காரணம் நியாயமானது. பரிந்துரை செய்வது அந்தந்தத் துறைக்காரர்கள். நடிகர்களை நடிகர்கள், ஒளிப்பதிவாளர்களை ஒளிப்பதிவாளர்கள். இறுதி வாக்கு எல்லாருக்கும் உண்டு. பல துறையினர் பார்த்து மெச்சிய படத்தின் நாயகிக்கு, ஒலிப்பதிவாளரின் வாக்கும் விழும், ஆடை வடிவமைப்பாளரின் வாக்கும் விழும். நடிகர் சங்கத்தில் பெரும்பாலும் நடிகர்கள்தான் வாக்களிக்கிறார்கள், அதுவும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். ஆஸ்கர் வாக்காளர்கள் கிட்டத்தட்ட பத்தாயிரம் பேர். இரண்டும் வேறு கூட்டம்.

நாள் கணக்கையும் கொஞ்சம் பாருங்கள். 2025இல் ஆஸ்கர் வாக்குப்பதிவு பிப்ரவரி 11இல் தொடங்கி 18இல் முடிந்தது. நடிகர் சங்க விழா 23ஆம் தேதி. அங்கே டெமி மூரின் பேச்சைக் கேட்டு மனம் மாறிய ஆஸ்கர் உறுப்பினர் இருந்தாலும் அவர் கையில் வாக்கு இல்லை. 2023இல் தலைகீழ்: நடிகர் சங்க விழா முடிந்த பிறகுதான் வாக்குப்பதிவே தொடங்கியது.

சரி, கோல்டன் குளோப்? சிறந்த படத்துக்கு அது வழிகாட்டி இல்லை என்று பார்த்தோம். வாக்களிப்பவர்கள் பல நாட்டுப் பத்திரிகையாளர்கள். ஆஸ்கரில் அவர்களுக்கு இடமில்லை. ஆனால் இரண்டு வரிகளில் அது அசத்துகிறது, எங்கள் குழுவில் பலர் கவனிக்காதது இது. அசல் பாடல்: 2019 முதல் 2025 வரை ஏழு விழாக்களில் ஆறு முறை குளோபில் ஜெயித்த பாடலே ஆஸ்கரிலும் ஜெயித்தது. 2023இல் கீரவாணி இசையமைத்த 'நாட்டு நாட்டு' அப்படித்தான், கிரிட்டிக்ஸ் சாய்ஸையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போனது. அனிமேஷன் படம்: அதே ஏழில் ஆறு. 2024, 2025 இரண்டிலும் தயாரிப்பாளர் சங்கத்தின் அனிமேஷன் விருது வேறு படங்களுக்குப் போக, குளோப் ஜப்பானிய இயக்குநர் மியாசாகியின் படத்தையும் அடுத்த வருஷம் லாட்வியாவிலிருந்து வந்த 'ஃப்ளோ'வையும் சரியாகச் சொன்னது. ஆஸ்கர் வழங்கும் அகாடமியில் அமெரிக்காவுக்கு வெளியிலிருந்து வந்த உறுப்பினர்கள் கூடிக்கொண்டே போவதுதான் காரணம் என்பது என் எண்ணம்.

பாடல் வரியில் ஓர் எச்சரிக்கை உண்டு, அதை ரஹ்மானை வைத்தே சொல்லலாம். 2009இல் பின்னணி இசைக்கு அவருக்குக் குளோபும் கிடைத்தது, பாஃப்டாவும் கிடைத்தது. ஆஸ்கர் கிட்டத்தட்ட உறுதி. பாடலுக்கோ குளோப் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனுக்குப் போய்விட்டது. ஆனால் அந்தப் பாடல் ஆஸ்கர் பரிந்துரையிலேயே இல்லை. அந்த ஆண்டு பாடல் பிரிவில் மொத்தமே மூன்று பாடல்கள், அதில் இரண்டு ரஹ்மானுடையவை. பட்டியலை ஒழுங்காகப் பார்த்தவருக்கு 'ஜெய் ஹோ' எழுதுவதில் தயக்கம் இருந்திருக்காது. "எல்லாப் புகழும் இறைவனுக்கே" என்று அந்த மேடையில் தமிழில் ஒலித்த காலையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மயிர்க்கூச்செறியும்.

பாஃப்டாவைச் சிறந்த படத்துக்கு ஒதுக்கச் சொன்னேன். தொழில்நுட்ப வரிகளுக்கு அதைத்தான் முதலில் திறக்கச் சொல்வேன். 2025இல் ஒளிப்பதிவு, ஆடை, ஒப்பனை, பின்னணி இசை, கலை இயக்கம், ஒலி, விஷுவல் எஃபெக்ட்ஸ் ஏழும் பாஃப்டாவிலும் ஆஸ்கரிலும் ஒன்றே. படத்தொகுப்பு மட்டும் மாறியது, அங்கே 'கான்கிளேவ்', இங்கே 'அனோரா'. துறைச் சங்கங்களை நம்பலாமே என்று கேட்பீர்கள். கலை இயக்குநர்கள் சங்கமும் ஆடை வடிவமைப்பாளர்கள் சங்கமும் வரலாற்றுப் படம், கற்பனைப் படம், சமகாலப் படம் என்று பிரித்துத் தனித்தனியே விருது கொடுக்கின்றன. மூன்று பேர் ஜெயித்தால் உங்கள் தாளில் எந்தப் பெயரை எழுதுவீர்கள்? திரைக்கதைக்கு எழுத்தாளர் சங்கத்தைப் பார்ப்பதிலும் தொல்லை உண்டு. அவர்களுடைய ஒப்பந்தத்துக்கு வெளியே எழுதப்பட்ட படங்கள் போட்டியிலேயே இருக்காது. 2025இல் தழுவல் திரைக்கதை ஆஸ்கர் வாங்கிய 'கான்கிளேவ்' அங்கே போட்டியிடவே இல்லை.

பந்தய விகிதங்களைப் படிப்பது சுலபம். 1.25 என்று போட்டிருந்தால் 1ஐ 1.25ஆல் வகுங்கள், 80 விழுக்காடு வாய்ப்பு என்று அர்த்தம். ஒரு பிரிவில் எல்லாப் பெயருக்கும் இப்படிப் போட்டுக் கூட்டினால் நூறைத் தாண்டும். தாண்டுகிற பங்கு பந்தயக்காரரின் லாபம். நம் நாட்டில் 1953ஆம் ஆண்டு பந்தயச் சட்டம் இருக்கிறது, உரிமம் இல்லாத இடத்தில் பணம் கட்டுவது குற்றம். அதனால் இது படித்துத் தெரிந்துகொள்ள மட்டும். வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே நேரமே இல்லை என்பவருக்கு இந்த வழி மோசமில்லை, ஏனென்றால் மேலே சொன்ன விருதுகள் எல்லாம் ஏற்கெனவே அந்த எண்ணுக்குள் போயிருக்கும். குறை என்னவென்றால், உணர்ச்சியும் சேர்ந்து போயிருக்கும். 2021இல் மறைந்த போஸ்மனுக்கே கிடைக்கும் என்று எல்லாரும் அவர் பக்கம் சாய்ந்தார்கள். பாஃப்டா இரண்டு வாரம் முன்பே ஹாப்கின்ஸ் என்று சொல்லியும் விகிதம் போஸ்மன் பக்கமே நின்றது.

படத்தைப் பார்த்துவிட்டு எழுதும் அக்காவின் வழிக்கு கோலாலம்பூரில் ஒரு தடை இருக்கிறது. பரிந்துரை பெற்ற படங்கள் எல்லாம் இங்கே திரைக்கு வருவதில்லை. வந்தாலும் தணிக்கையைத் தாண்டி, மிட் வேலி மாதிரி இடங்களில் சில காட்சிகள் ஓடிவிட்டுப் போய்விடும். ஆனாலும் அவர் வழியைக் குறைத்துப் பேச மாட்டேன். பெரிய திரையில் 'டியூன்' இரண்டாம் பாகத்தைப் பார்த்து, இருக்கை அதிர உட்கார்ந்திருந்தவருக்கு ஒலிக்கும் விஷுவல் எஃபெக்ட்ஸுக்கும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. குறும்பட வரிகளில் அவருக்கு நிகர் யாரும் இல்லை. அங்கே சங்கமும் கிடையாது, பெரிய முன்னோட்டமும் கிடையாது. 2023இல் ஆவணக் குறும்படப் பிரிவில் 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' இருந்தது. முதுமலையில் யானைக்குட்டியை வளர்க்கும் பொம்மனும் பெள்ளியும் நம் தமிழில் பேசுகிற படம். நெட்ஃபிளிக்ஸில் நாற்பது நிமிஷம்தான். பார்த்துவிட்டு அதையே எழுதினார், அதுதான் ஜெயித்தது. 2026 விழாவிலிருந்து ஒரு பிரிவின் எல்லாப் படங்களையும் பார்த்த உறுப்பினர்தான் அந்தப் பிரிவில் வாக்களிக்கலாம் என்று அகாடமி விதி போட்டிருக்கிறது. பெயரைக் கேள்விப்பட்டு வாக்குப் போடுவது குறையும், ஆகவே குறும்படங்களைத் தேடிப் பார்ப்பவருக்கு இன்னும் அனுகூலம்.

வேற்றுமொழிப் படத்துக்கு மட்டும் எனக்கு உறுதியான வழி கிடைக்கவில்லை. 2025இல் குளோபும் பாஃப்டாவும் 'எமிலியா பெரெஸ்' என்றன. ஆஸ்கர் பிரேசிலின் 'ஐ'ம் ஸ்டில் ஹியர்' படத்துக்குப் போனது. அது சிறந்த படத்துக்கான பத்திலும் இருந்தது, அதன் நாயகிக்கும் பரிந்துரை கிடைத்திருந்தது. சண்டையான வருஷத்தில் அந்த மாதிரி அடையாளங்களைப் பார்த்து எழுதுங்கள்.

எத்தனை வரிகளில் கூட்டத்திலிருந்து விலகுவது என்பதையும் முடிவு செய்ய வேண்டும். எல்லாரும் ஒரே விருதுகளைப் பார்த்து எழுதினால் தாள்கள் முக்கால்வாசி ஒன்றுபோலவே இருக்கும்; விகிதத்தை அப்படியே எழுதுகிறவருக்கு மரியாதையான மதிப்பெண் வரும், சாப்பாடு வராது. நான் இரண்டு வரிகளில் விலகுவேன், அதற்கு மேல் இல்லை. அதுவும் 45க்கு 40 என்று நெருக்கமாக நிற்கும் வரிகளில் மட்டும். 80 விழுக்காடு உறுதியான ஒருவரை எதிர்த்து எழுதுவது வீம்பு. நடிகர் சங்கமும் பாஃப்டாவும் மோதுகிற நடிப்பு வரி ஒன்று, குறும்படம் ஒன்று. என் தேர்வு இப்படித்தான் இருக்கும். கூட்டம் சிறியதாக, நாலைந்து பேர் மட்டும் இருந்தால் ஒரு வரியே போதும்.

மதிப்பெண் சமமானால் முடிவு செய்ய எங்கள் தாளின் அடியில் ஒரு கேள்வி இருக்கும்: விழா எவ்வளவு நேரம் ஓடும்? 2021 முதல் 2025 வரை ஏறக்குறைய மூன்றேகால் மணியிலிருந்து மூன்றே முக்கால் மணி வரை ஓடியிருக்கிறது, ஆக மூன்றரையை ஒட்டி எழுதுங்கள். லாஸ் ஏஞ்சலஸில் மாலை 4 மணிக்குத் தொடங்கினால், அமெரிக்கா கடிகாரத்தை முன்னே தள்ளும் மார்ச் இரண்டாம் ஞாயிறுக்கு முன்பென்றால் நமக்குத் திங்கள் காலை 8 மணி, அன்றோ அதற்குப் பின்போ என்றால் 7 மணி. தாளை ஞாயிறு இரவே அனுப்பிவிடுங்கள். காலையில் எல்லாரும் ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் இருப்பார்கள், முதல் விருது அறிவித்த பிறகு வரும் தாளை யாரும் ஏற்கமாட்டார்கள்.